நாலு மணிக்குள் ஒரு பதில்

விமான நிலையத்தில் அடி விழுந்துவிட்டது என்று காலைச் செய்தியில் சொன்னபோது, எங்கள் சூட்கேஸைப் பூட்டி மூன்று நாள் ஆகியிருந்தது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை பயணம். குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த மச்சாள் கை முழுக்கத் தேங்காய்ப்பூவோடு ஓடிவந்து றேடியோவுக்கு முன்னால் நின்றாள்.

"எந்த விமான நிலையமாம்?"

"நாட்டில பிளேன் ஏறிப் போக எத்தனை இருக்கு, மச்சாள்?"

அவள் தேங்காய்ப்பூக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

மச்சாள் என் அண்ணாவின் மனைவி. என்னைவிட இரண்டு மாதம் இளையவள். நானும் அவளுக்கு மச்சாள்தான் என்பதால் ஒருவரை ஒருவர் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அவள் அரச அலுவலகம் ஒன்றில் தட்டெழுத்தாளராக இருந்தாள். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன். கலியாணம் கட்டவில்லை. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் தெருவில் இருந்த அண்ணாவின் வீட்டிலேயே எனக்கும் ஒரு அறை இருந்தது.

பயண யோசனை என் பள்ளிக்கூடத்தில்தான் முளைத்தது. எங்களோடு படிப்பித்த ஆசிரியை ஒருவர் சென்னைக்குப் போய்வந்து, அங்கே கடற்கரையில் பின்னேரம் முழுக்க நடந்ததாகச் சொன்னார். ஒருத்தரும் மறித்து ஐடென்டிக்காட் கேட்கவில்லையாம், அடையாள அட்டையை வெளியில் எடுக்கவே தேவையில்லையாம். அதை வீட்டில் வந்து சொன்னேன். மச்சாள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "நாங்களும் போவம்" என்றாள். உப்புப் போதாது என்று சொல்லுகிற அதே குரலில் சொன்னாள்.

"கடற்கரையில நடக்கிறதுக்குக் கடல் தாண்டிப் போகவேணுமோ?" என்று அண்ணா கேட்டார்.

"எங்கட கடற்கரையில முள்ளுக்கம்பியெல்லோ நிக்குது" என்றாள் மச்சாள்.

அண்ணா தன் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

பள்ளிக்கூட விடுமுறையில் பத்து நாள் என்று முடிவாயிற்று. அண்ணா வர மறுத்துவிட்டார். நாலாம் வகுப்புப் படிக்கும் மகளோடு வீட்டில் நிற்பதாகச் சொன்னார். குசினிப் பக்கம் போய் அறியாத மனிதர் ஒரு கிழமையாகச் சோறு வடிக்கப் பழகினார். ஐந்தாம் நாள்தான் அது சோறு மாதிரி வந்தது. நாங்களும் பழகினோம். சாப்பாட்டு மேசைக் கதிரைகள் இரண்டை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகப் போட்டு, அண்ணாவின் இடுப்புப் பட்டிகளால் எங்களைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி எழும்பிப் பறப்போம். அண்ணாவின் மகள் தட்டில் தண்ணீரும் மாரி பிஸ்கற்றும் கொண்டுவருவாள். மச்சாள் அவளிடம் "தாங்க் யூ மிஸ்" என்று சொல்லிவிட்டுச் சிரித்துச் சிரித்துக் கதிரையோடு ஒருதரம் விழுந்தாள்.

செய்தி முடிந்தது. இயக்கக்காரரின் தாக்குதலில் பிளேன்கள் எரிந்ததையும் ஆட்கள் செத்ததையும் சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற என் மனதில் முதலில் வந்தது பூட்டி வைத்த சூட்கேஸ்தான். எனக்கே வெட்கமாக இருந்தது. மச்சாளைப் பார்த்தேன். அவளும் அறை வாசலால் சூட்கேஸைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணா றேடியோவை நிற்பாட்டினார்.

"இனிக் கதையில்லை. கான்சல் பண்ணுங்கோ."

"நாலு நாள் கிடக்கே" என்றேன்.

"நாலு நாளில என்ன நடக்கும்? இந்த நேரம் திருகோணமலை ஐடென்டிக்காட்டோட ரெண்டு தமிழ்ப் பொம்பிளையள் கொழும்புக்குப் போனால் பிளேனில ஏத்த மாட்டாங்கள். ஆமி ஜீப்பிலதான் ஏத்துவாங்கள்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பயம். ஆனால் அவர் அப்படிச் சொன்னபோது மச்சாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஜீப்பிலயும் பட்டி கட்டுவாங்களோ?" என்றாள். அண்ணா சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

எனக்கு விடுமுறை, மச்சாள் லீவு போட்டிருந்தாள். பத்து மணிபோல நானும் மச்சாளும் கொழும்பிலுள்ள பயண முகவரோடு கதைக்க கொமினிகேசன் கடைக்குப் போனோம். எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் ரெலிபோன் இல்லை. கடைக்காரர் குடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மூதூர் ஆள், ஊருக்குப் போக லாஞ்சிப் படகு ஏறவேண்டும். கண்ணாடிக் கூண்டுக்குள் நானும் மச்சாளும் ஒன்றாக நெருக்கிக்கொண்டு நின்றதால் கதவு சாத்துப்படவில்லை. லைன் கிடைக்க முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. பயண முகவரிடம் வேலை செய்த பெண்பிள்ளை தமிழில் கதைத்தாள்.

"சனிக்கிழமை பிளேன் போகுமோ, தங்கச்சி?"

"போகும் எண்டும் சொல்லேலாது, போகாது எண்டும் சொல்லேலாது, டீச்சர்."

"அப்ப நாங்கள் என்ன செய்யிறது?"

"கன சனம் சீற் கேட்டு நிக்குது. நீங்கள் போறீங்களோ இல்லையோ எண்டு இண்டைக்கு நாலு மணிக்குள்ள சொல்லுங்கோ. சொல்லாட்டில் வேற ஆக்களுக்குக் குடுத்திடுவம்."

லைன் அறுந்துவிட்டது. கதவு திறந்திருந்தபடியால் கடையில் நின்ற எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. போகச் சொன்னவர்களும் இருந்தார்கள், போனால் திரும்பி வரமாட்டீர்கள் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். கடைக்காரரிடம் கேட்டேன்.

"நான் மூதூருக்குப் போக நினைச்ச நாளில பாதி நாள் லாஞ்சி ஓடேல்லை, டீச்சர். பாதி நாள் ஓடியிருக்கு."

"அதில இருந்து என்ன விளங்குது?"

அவர் மிச்சக் காசை எண்ணித் தந்தார். "ஒண்டும் விளங்கேல்லை" என்றார்.

வெளியில் வந்தபோது மச்சாளுக்குத் திரும்பவும் சிரிப்புத் தொடங்கிவிட்டது. வீட்டுக்குப் போனால் சூட்கேஸ் கண்ணில் படும். அதனால் முள்ளுக்கம்பி போடாமல் ஆட்களை விடுகிற பக்கமாகக் கடற்கரைக்குப் போய் மர நிழலில் இருந்தோம். வழியில் ஒரு சீப்புக் கதலி வாங்கினேன். முகவரிடம் நம்பர் ஏதும் சொல்ல வேண்டி வரும் என்று இரண்டு ரிக்கற்றையும் கையோடு கொண்டுவந்திருந்தேன். வாழைப்பழத்தையும் ரிக்கற்றையும் ஒரே பையில் போட்டதும் நான்தான்.

கணக்கு டீச்சர் அல்லவா, கொப்பித் தாளில் நடுவால் கோடு போட்டேன். ஒரு பக்கம் 'போறது', மற்றப் பக்கம் 'விடுறது'. விடுகிற பக்கத்தில் மளமளவென்று எழுதிக்கொண்டு போனேன். சோதனைச் சாவடிகள், கொழும்பில் தங்கும் இடம், பொலிஸ் பதிவு, அண்ணாவின் கோபம். போகிற பக்கத்தில் கடற்கரை என்று மட்டும் இருந்தது.

"வேற என்ன எழுத, மச்சாள்?"

அவள் என் தோளுக்கு மேலால் பார்த்து, "மான்" என்றாள்.

திருகோணமலையில் மான் அதிசயம் இல்லை. கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து மாடு மாதிரித் தெருவில் நிற்கும், கடதாசி, பழத்தோல் எது கிடைத்தாலும் தின்னும். நான் திரும்பிப் பார்க்கும்போது அது எங்கள் பைக்குள் தலையை விட்டிருந்தது. தலையை எடுத்தபோது வாயில் பழம் இல்லை. சிவப்பு எழுத்துப் போட்ட தாள் இருந்தது.

"ரிக்கற்" என்றேன். எழும்பவே எனக்குத் தோன்றவில்லை.

மச்சாள் எழும்பி ஓடினாள். சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு செருப்பு எங்கேயோ பறக்க, மணலில் மானுக்குப் பின்னால் ஓடினாள். மான் பதறவில்லை. பத்து அடி ஓடும், நின்று சப்பும், இவள் கிட்ட வந்ததும் திரும்ப ஓடும். நானும் பின்னால் ஓடினேன். முள்ளுக்கம்பிக்கு அருகே ஒரு சென்றி, ஆமியின் காவல் அரண். அதில் நின்ற நரைத்த மீசைக்கார ஆமிக்காரர் எங்களைக் கண்டு வெளியில் வந்தார். இரண்டு பொம்பிளைகள் தன்னை நோக்கி ஓடிவருவதைக் கண்டு முதலில் அவர் முகம் இறுகியது. அடுத்த நிமிடம் மானைக் கண்டுவிட்டார். துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு, கையை விரித்து, கோழி மறிக்கிற மாதிரி அதை மறித்தார். மான் வாயில் இருந்ததைப் போட்டுவிட்டு அவருடைய கைக்குக் கீழால் போய்விட்டது.

அவர் குனிந்து எடுத்து, தன் காற்சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் தந்தார். சிரிக்கக் கூடாது என்று பார்த்தார். ஏலவில்லை. மூன்று பேரும் நின்று சிரித்தோம். சென்றிக்காரர் ஒருவரோடு நின்று நான் சிரித்தது அந்த வருஷங்களில் அந்த ஒரு தரம்தான். யாரும் கண்டால் என்ன நினைப்பார்கள் என்ற பயம் பிறகுதான் வந்தது.

மச்சாள் அப்படியே மணலில் இருந்துவிட்டாள். மூச்சு வாங்கியது.

"இப்பிடி ஓடி இருபது வருஷம் இருக்கும்" என்றாள். "நான் போறன், மச்சாள். பிளேன் போகாட்டில் கொழும்பில நிண்டு பாத்திட்டு வாறன். கான்சல் பண்ணச் சொல்லி நான் சொல்லமாட்டன். நீங்கள்?"

நான் கையில் இருந்ததை விரித்துப் பார்த்தேன். அது என் ரிக்கற். போகிற தாள் ஓரம் நனைந்து முழுதாக இருந்தது. திரும்பி வருகிற தாளில் பாதியைக் காணவில்லை.

"வாறன்" என்றேன். எழுதிய கொப்பித் தாள் எங்கே போனது என்று தெரியவில்லை. தேடவும் இல்லை.

மூன்றரைக்குத் திரும்பவும் கொமினிகேசன் கடைக்குப் போனோம். இந்த முறை லைன் உடனே கிடைத்தது.

"நாங்கள் போறம், தங்கச்சி. ஆனால் ஒரு ரிக்கற்றில கொஞ்சத்தை மான் திண்டிட்டுது."

அவள் "ஆர்?" என்று கேட்டாள்.

"மான்."

"மானோ?"

"ஓம், மான்."

கடையில் நின்றவர்களும் கூண்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். அவள் யாரிடமோ சிங்களத்தில் கேட்டாள். அங்கேயும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

"டீச்சர், போற தாள் இருக்கோ?"

"முழுசா இருக்கு."

"அப்ப பிரச்சினை இல்லை. திரும்பி வாறதை இஞ்ச வந்து வேற எழுதி எடுக்கலாம். கான்சல் பண்ணுறதெண்டால்தான் முழு ரிக்கற்றும் வேணும்."

பின்னேரம் அண்ணா வந்தார். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னோம். அவர் ரிக்கற்றை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"திரும்பி வாற தாளைத்தான் திண்டிருக்கு" என்றார்.

"ஓம்."

"நீர் இதைச் சிரிச்சுக்கொண்டு சொல்லுறீர்."

"சிரிக்காமல் சொல்லிப் பாத்தனான், ஏலாமல் கிடக்கு" என்றாள் மச்சாள். அண்ணா கதிரையில் சாய்ந்து நெற்றியைத் தடவினார். கோபிக்கத்தான் வெளிக்கிட்டார். பாதியில் அவருடைய தோளும் குலுங்கத் தொடங்கிவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொழும்பில் தங்கவேண்டிய வீட்டு விலாசத்தையும், ஜீப் வந்தால் யாருக்குச் சொல்லவேண்டும் என்பதையும் எங்கள் இருவருக்கும் தனித்தனித் தாளில் எழுதித் தந்தார். இரண்டையும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

வியாழக்கிழமை விடியற்புறம் பஸ் ஏறினோம். எத்தனை இடத்தில் இறங்கி நடந்தோம் என்று எண்ணவில்லை. ஒரு சாவடியில் பொம்பிளைப் பொலிஸ் சூட்கேஸைக் கிளறி, சப்பிய ரிக்கற்றைத் தூக்கிப் பிடித்து என்னவென்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "முவா கேவா" என்றேன், மான் சாப்பிட்டது என்று. அவர் மச்சாளைப் பார்த்தார். மச்சாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் கொம்பு மாதிரி வைத்துக் காட்டினாள். பின்னால் வரிசையில் நின்ற கிழவர் ஒருவர் "சிவ சிவா" என்றார். எங்களை விட்டுவிட்டார்கள். கொழும்பில் முகவரிடம் போய்த் திரும்பி வருகிற தாளை வேறு எழுதி எடுத்தோம்.

சனிக்கிழமை பிளேன் ஐந்து மணித்தியாலம் பிந்தியது. ஆனால் போனது. விமான நிலையத்தில் ஐந்து இடத்தில் சோதித்தார்கள். கண்ணாடியால் பார்க்க, தூரத்தில் கரிந்துபோன ஒரு பிளேன் முதுகு முறிந்து கிடந்தது. மச்சாள் என் கையைப் பிடித்தாள். அதைக் கடந்து போகும்வரை விடவில்லை.

ஏறி இருந்து பட்டியைக் கட்டினோம். இது அண்ணாவின் பட்டியைவிட லேசாக இருந்தது. பிளேன் ஓடத் தொடங்கியது, நிலத்தை விட்டது. மச்சாள் கண்ணை மூடவில்லை. வாயைத் திறந்து சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. சாப்பாட்டுத் தட்டில் இருந்த சின்ன உப்புப் பைக்கற்றைக்கூட மகளுக்கென்று எடுத்து வைத்தாள். தேத்தண்ணீரைக் குடித்து முடிக்க முன்னம், இறங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"இவ்வளவுதானோ?" என்றாள். "இன்னொருக்காச் சுத்திக் காட்ட மாட்டாங்களோ?"

சென்னையில் கடவுச்சீட்டுப் பார்த்த அதிகாரி இரண்டையும் வாங்கிப் புரட்டினார். எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து, "என்ன விஷயமா வந்திருக்கீங்க?" என்று கேட்டார். கலியாணமா, வைத்தியமா, மகன் வெளிநாடு போகிறானா என்று அவரே தொடர்ந்தார். எங்கள் நாட்டிலிருந்து வந்தவர்கள் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

மச்சாள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"சும்மா" என்றாள் அவள்.

அவர் நம்பவில்லை. எங்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, இன்னொருவரைக் கூப்பிட்டுச் சூட்கேஸைத் திறக்கச் சொன்னார். அரை மணித்தியாலம் நின்றோம். சேலை சேலையாக எடுத்து உதறினார்கள். மடித்து வைக்க நாங்களும் உதவி செய்தோம். மச்சாள் அந்த மனிதருக்குச் சேலை மடிக்கிற விதத்தைக் காட்டிக் கொடுத்தாள். அவரும் இரண்டைச் சரியாக மடித்தார். பிறகு அதிகாரி முத்திரையைக் குத்தி, போகலாம் என்று கையைக் காட்டினார். வெளியில் வெயில் எங்கள் ஊர் வெயில் மாதிரியே அடித்தது. எந்தப் பக்கம் போகவேண்டும் என்று இருவருக்கும் தெரியவில்லை. சூட்கேஸை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, ஆட்கள் அதிகம் போன பக்கமாக நடந்தோம்.