கோபேயில் ஓர் ஆறுதலான நாள்

போன சனிக்கிழமை தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து ஒரு கை தோளில் விழுந்தது. கோயிலில் அடிக்கடி காண்கிற முகம். பெயர்தான் வாயில் வரவில்லை.

“யப்பான் எப்பிடி அக்கா? படமெல்லாம் பாத்தனாங்கள், நல்ல வடிவு!” என்றார். அதே மூச்சில் குரலைத் தாழ்த்தி, “தம்பியின்ர விசயமும் கேள்விப்பட்டனாங்கள்… என்ன செய்யிறது” என்றார்.

ஒரே மூச்சில் இரண்டும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டும் ஒரே நாளில்தானே நடந்தன? ஜப்பானில் கோபே என்ற துறைமுக நகரத்தை நான் வழிகாட்டியோடு ஆறுதலாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த அதே நாளில், இங்கே ஒஸ்லோ ஆஸ்பத்திரியில் என் தம்பி செத்துப்போனான்.

அவன் கிடந்தது எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

வழக்கமாகப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் என் முழங்கால், டிராமில் கண்ட சண்டை, இவருடைய குறட்டை என்று எதையாவது எழுதி உங்களைச் சிரிக்க வைப்பேன். சில வாரங்களாக எழுதவில்லை. இன்றைக்கும் எழுதாவிட்டால் இனி எழுதவே மாட்டேன் என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தச் சுற்றுலாவைத் தேடிப் பிடித்துத் தந்ததே தம்பிதான். ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவன். முன்பு நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் ஆலையில் மீன் வெட்டினான், பிறகு தெற்கே வந்து பஸ்ஸில் ஏறினான். லீவு கிடைத்தால் சோபாவை விட்டு அசைய மாட்டான். ஆனால் மற்றவர்களுக்குப் பயணம் பார்த்துக் கொடுப்பதென்றால் சாப்பாடே வேண்டாம். ஒருநாள் டெலிபோனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

“அக்கா, இது உங்களுக்கெண்டே செய்தது. நடை குறைவு, குந்தியிருக்கிறது கூட. உங்கட முழங்காலுக்கு இதுதான் சரி. ஆறுதலாப் போயிட்டு வாங்கோ.”

ஆறுதலாக… எங்கள் பேச்சில் அதற்கு அவசரமில்லாமல் என்று அர்த்தம்; இப்போது அந்தச் சொல்லே எனக்கு ஆகாது.

காலையில் நான் ஹோட்டல் அறையில் எந்தச் சப்பாத்தைப் போடுவதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். இவர் முன்னதாகவே கீழே இறங்கிவிட்டார். நான் போனபோது வாசலில் எங்கள் வழிகாட்டி ஹருமியோடு தாழ்ந்த குரலில் ஏதோ கதைத்துக்கொண்டு நின்றார். ஹருமிக்கு என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு மஞ்சள் கொடி. என்னைக் கண்டதும் அந்தக் கொடியைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டார்.

“ரெண்டு பேருக்கு ஏன் கொடியெண்டு மனிசி நினைச்சிருக்கும்” என்று நான் பகிடி விட்டேன். இவர் சிரித்தார். முப்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள் நான். அது சிரிப்பில்லை என்று எனக்கு ஏன் விளங்கவில்லை?

நடந்தது இதுதான். முதல்நாள் இரவு தம்பிக்கு நெஞ்சு நோ. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, விடிய ஒப்பரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். தம்பியின் மனைவி வசந்தி இவருக்கு டெலிபோன் எடுத்து அழுதிருக்கிறாள். கடைசியில், “மச்சாளுக்கு இப்ப சொல்லாதேங்கோ. அங்கையிருந்து அவ என்ன செய்யிறது? பின்னேரம் சொல்லுவம்” என்றிருக்கிறாள். இவரும் ஓம் என்றிருக்கிறார். வழிகாட்டியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, மெதுவாகக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார்.

ஆக, என் தம்பி ஆபத்தில் கிடக்கிறான் என்பது அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்தித்த ஒரு ஜப்பான்காரிக்குத் தெரியும். அவனைக் கையில் தூக்கி வளர்த்த எனக்குத் தெரியாது.

கோபே அழகான ஊர். அதில் பொய் இல்லை. முதுகுப் பக்கம் மலை, முன்னால் கடல், நடுவில் துப்புரவான தெருக்கள். பழைய வெளிநாட்டு வியாபாரிகளின் வீடுகளைப் பார்த்தோம். ஒவ்வொரு பெஞ்சைக் கண்டதும் ஹருமி, “களைப்பாக இருக்கிறதா? உட்காருங்கள்” என்று இங்கிலீஷில் கெஞ்சினார். படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். ‘என்ன மரியாதையப்பா இந்தச் சனத்துக்கு!’ என்று நான் உருகிப்போனேன். படங்களை எடுத்து எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இதயம், கைதட்டு, கட்டைவிரல் என்று உடனுக்குடன் வந்து விழுந்தன.

ஒஸ்லோவில் அது விடியாத நேரம். இந்தச் சனம் ஏன் நித்திரை கொள்ளாமல் என் படத்துக்கு இதயம் போடுகிறது என்று நான் ஒரு தரமாவது யோசித்தேனா? அவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரி நடையில் வரிசையாக உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அங்கிருந்துதான் கட்டைவிரல்!

மத்தியானம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. கோபே என்றால் மாட்டிறைச்சிக்குப் பேர்போன ஊராம். நாங்கள் மாடு தின்பதில்லை என்று முன்பே சொல்லியிருந்ததால், ஹருமி பொரித்த மக்ரெல் மீனும் சோறும் எடுத்துத் தந்தார். கடைக்காரரிடம் ஏதோ கேட்டுவிட்டு, எங்களைப் பார்த்து, “இந்த மீன் உங்கள் நோர்வேயிலிருந்து வந்தது” என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. படம் எடுத்துக் குழுவில் போட்டேன்.

உடனே தம்பியிடமிருந்து எழுத்து வந்தது. “உந்த மீனைத் தின்னவோ அக்கா அவ்வளவு தூரம் போனனீங்கள்?”

“என்னடா, நித்திரை இல்லையோ?” என்று கேட்டேன்.

“இண்டைக்கு விடியவே வேலை. கால் நோகேல்லையோ?”

“நோகேல்லை. நல்ல இடம் பிடிச்சுத் தந்திருக்கிறாய்.”

பஸ் ஓட்டுகிறவன், விடிய வேலை என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? நெஞ்சில் வயர்களை ஒட்டிக்கொண்டு படுத்திருந்தபடி அவன் எழுதியிருக்கிறான். படுபாவி, அவனும் அவர்களோடு சேர்ந்துகொண்டான்.

சாப்பிட்டபின் துறைமுகப் பூங்காவுக்குப் போனோம். முன்பொரு பெரிய பூகம்பத்தில் அந்தத் துறைமுகம் உடைந்து நொறுங்கியதாம். முழுவதையும் திருத்திக் கட்டினார்கள்; ஒரு துண்டை மட்டும் உடைந்தபடியே விட்டிருக்கிறார்கள். வெடித்த சீமெந்து, அதன் மேல் தண்ணீர், சரிந்த விளக்குக் கம்பங்கள். சுற்றிக் கம்பி கட்டியிருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம்.

இவர் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

“இஞ்சேருங்கோ, உடைஞ்ச சீமெந்திலை அப்பிடி என்னத்தைப் பாக்கிறியள்? வாங்கோ, கப்பல் போகப்போகுது” என்று கையைப் பிடித்து இழுத்தேன். துறைமுகத்தைச் சுற்றிக் காட்டுகிற கப்பல் ஒன்று புறப்படத் தயாராக நின்றது.

கப்பலில் ஏறுகிற பலகையில் கால் வைத்தபோது என் டெலிபோன் அடித்தது. தம்பி.

பின்னால் வரிசை நிற்கிறது. ஒரு கையில் பை, மற்றக் கை ஹருமியின் கைக்குள். நான் எடுக்காமல் கோலை வெட்டிவிட்டேன்.

“எடுத்துக் கதையுமன்” என்றார் இவர். குரல் ஒரு மாதிரி இருந்தது.

“பிறகு கதைக்கலாம். இவன் மீனைப் பற்றி இன்னும் பகிடி விடத்தான் எடுக்கிறான்.”

இவர் என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினார். நான் இருக்கை பிடித்து உட்கார்ந்து, ‘கப்பல் வெளிக்கிடுது, இறங்கி எடுக்கிறன்’ என்று எழுதிப் போட்டேன். தம்பி ஒரு கட்டைவிரல் அனுப்பினான். அவ்வளவுதான். அவன் எனக்கு அனுப்பிய கடைசிச் சாமான் அது.

அந்தக் கோலைப் பற்றி வசந்தி பிறகுதான் எனக்குச் சொன்னாள். அவள் கோப்பி எடுக்கப் போன நேரம், ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோக வந்த நோர்வேக்கார நேர்ஸிடம் தம்பி, “அக்காவோடு ஒருக்காக் கதைக்க வேணும்” என்று கேட்டிருக்கிறான். அந்தப் பிள்ளைக்கு எங்கள் ரகசியங்கள் என்ன தெரியும்? கேட்டவனுக்கு எடுத்துக் கொடுத்து, அவன் காதோடு பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் வெட்டியதும், “பரவாயில்லை, அவ பாத்திட்டு வரட்டும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனவன்தான்.

அவன் என்ன சொல்ல எடுத்தான்? தெரியாது. இனித் தெரியவும் வராது. ஒவ்வொரு நாளும் பாத்திரம் கழுவும்போது யோசிக்கிறேன்… மீன் பகிடியாகவே இருக்கட்டும். அதையாவது கேட்டிருக்கக் கூடாதா?

கப்பல் ஓடிக்கொண்டிருந்தபோது இவருக்கு வசந்தியிடமிருந்து செய்தி வந்துவிட்டது: ஒப்பரேஷன் தொடங்கிய கையோடு இருதயம் நின்றுவிட்டதாம். நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். இவர் கப்பலின் பின்பக்கத்துக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. “உப்புக் காத்து” என்றார். நான் பையிலிருந்து கண் மருந்து எடுத்து விட்டேன்! ஆம், வாசகர்களே… செத்துப்போன என் தம்பிக்காக அழுத கண்ணுக்கு நான் மருந்து விட்டேன்.

கப்பலில் இருந்து இறங்கியதும் தம்பிக்கு எடுத்தேன்; பதில் இல்லாததால் பஸ் ஓட்டுகிறானாக்கும் என்று விட்டுவிட்டேன். மாலையில் ஹோட்டல் வாசலில் ஹருமி விடைபெற்றார். குனிந்தார். ஜப்பான்காரர் குனிவது தெரிந்ததுதானே, நானும் குனிந்தேன். நான் நிமிர்ந்துவிட்டேன், அவர் நிமிரவில்லை. குனிந்தபடியே நின்றார். நான் இவரைப் பார்த்து, “மனிசிக்கு நாரி பிடிச்சு நிமிரேலாமல் போச்சோ?” என்று கேட்டுச் சிரித்தேன்.

அன்றைக்கு என் முகத்துக்கு நேரே துக்கம் விசாரித்த ஒரே ஆள் அவர்தான். அவரைப் பார்த்துத்தான் நான் சிரித்தேன்.

இரவுச் சாப்பாடு முடியும்வரை இவர் விஷயத்தைச் சொல்லவில்லை. “இன்னும் கொஞ்சம் சாப்பிடும், சாப்பிடும்” என்று நின்றார். சாப்பிட்டுக் கை கழுவி வந்தபிறகுதான் சொன்னார். வயிறு நிறைந்திருக்க வேண்டுமாம், செத்த செய்தி கேட்க!

நான் கத்திய கத்தலில் அடுத்த அறைக்காரர் கதவைத் தட்டினார்கள். “சொல்லியிருந்தா மட்டும் நீர் பறந்து போய்ச் சேர்ந்திருப்பீரே?” என்று இவர் அழுதுகொண்டே கேட்டார். சேர்ந்திருக்க மாட்டேன். எனக்கும் கணக்குத் தெரியும். ஆனால் தெரிந்திருந்தால் அந்தக் கோலை வெட்டியிருப்பேனா?

செத்தவீட்டுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண், மதுரைக்காரி, ஐ.டி.யில் வேலை, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “எங்க ஊர்லயும் இதே கதைதான் ஆன்ட்டி. ‘அப்பாவுக்கு லேசா முடியல, கிளம்பி வா’ன்னாங்க. போய் இறங்கினா வாசல்ல பந்தல் போட்டிருக்கு. பஸ்ல வர்ற வழியெல்லாம் நான் அவருக்கு ஆரஞ்சு வாங்கலாமா, ஆப்பிள் வாங்கலாமான்னு யோசிச்சுட்டு வந்தேன்.”

ஏன் நாம் இப்படி? கெட்ட செய்தியைச் சாப்பாட்டுக்குப் பிறகு, பரீட்சைக்குப் பிறகு, பிரயாணத்துக்குப் பிறகு என்று பொத்திப் பொத்தி வைக்கிறோமே, யாருக்காக? தாங்க மாட்டார்கள் என்கிறோம். ஒரு நாள் பிந்திச் சொன்னால் தாங்குவார்களா? அன்பினால் என்கிறோம். அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை. அந்த அன்பு என்னிடமிருந்து என் தம்பியின் கடைசிக் குரலைப் பிடுங்கிக்கொண்டது. அந்த ஊர்க்காரர் உடைந்ததை உடைந்தபடி வைத்துக் கம்பி கட்டி, வாருங்கள், பாருங்கள் என்கிறார்கள். நாம் அதன் மேல் பாயை விரித்து விருந்தாளியை உட்கார வைக்கிறோம்.

இப்படியெல்லாம் நான் இந்த வீட்டில் நாள்தோறும் கத்துகிறேன். வசந்தியோடு இன்னும் நேராக முகம் பார்த்துக் கதைக்கவில்லை. இவரோடு தேவைக்கு மட்டும்.

அம்மா ஊரில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பிதான் அவருக்கு எடுப்பான். போன ஞாயிறு அம்மாவே எனக்கு எடுத்தார்.

“தம்பி ஏன் எடுக்கேல்லை? என்னோடை கோவமோ?”

அம்மாவுக்கும் நெஞ்சு சரியில்லை. அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. ‘நீங்கள்தான் சொல்ல வேணும் மச்சாள்’ என்று வசந்தி எழுதியிருந்தாள். நானும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக.

“கோவமில்லை அம்மா… அவன் யப்பானுக்குப் போயிட்டான்.”

“நீயெல்லோ யப்பானுக்குப் போனனீ?”

“ஓம். நான் நல்ல இடமெண்டு சொன்னனான். அதுதான் அவனும் வெளிக்கிட்டவன்.”

“அங்கை போன் வேலை செய்யாதோ?”

“கப்பலிலை நிக்கிறான் அம்மா. இறங்கினாப் பிறகு எடுப்பான்.”

அம்மா சந்தோஷமாகச் சொன்னார். “பாவம், ஒரு இடமும் போகாத பிள்ளை. ஆறுதலாச் சுத்திப் பாத்திட்டு வரட்டும்.”

அம்மாவின் ஊரிலும் இந்தப் பத்தியை வாசிக்கிறவர்கள் இருக்கிறீர்கள் என்று தெரியும். கையெடுத்துக் கும்பிடுகிறேன்… அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.