பஷீர் பாயும் ஊசிப் பையும்

1. மோர் பாக்கெட்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் மையத்துக்கு வருகிற எவரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "பாய் இல்லியா?" மேசைக்குப் பின்னால் முழு ஆளாக நான் உட்கார்ந்திருப்பேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கேட்பார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. சிப்காட் பக்கம் ரோலிங் மில், லாரி ஷெட் ஆட்களில் சிலர் போதை ஊசிக்குப் பழகியிருந்தார்கள். ஒரே ஊசியைப் பல பேர் மாற்றிப் போட்டுக்கொண்டதில் எச்.ஐ.வி.யும் காமாலையும் பரவின. பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுப்பதற்காக ஒரு தொண்டு நிறுவனம் அந்த மையத்தைத் திறந்தது. நான் அங்கே நர்ஸ். புண்ணுக்கு மருந்து கட்டுவதும் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போவதும் என் பொறுப்பு. பழவேற்காட்டுக்காரரான பஷீர் பாய் ஃபீல்டு வொர்க்கர். புது ஊசிகள் அடங்கிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆட்கள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பேசுவார். அவரும் ஒரு காலத்தில் ஊசி போட்டு, பிறகு விட்டவர்.

எனக்கு அவரைக் கண்டாலே வயிற்றெரிச்சல். சீழ் வழிகிற புண்ணை முகம் சுளிக்காமல் கழுவிக் கட்டுவது நான். கட்டு முடிந்ததும் வெளியே போய் அவர் தோளில் கைபோட்டு டீ குடிப்பார்கள். எனக்கு ஒரு டீ சொல்ல வேண்டும் என்று எவனுக்கும் தோன்றியதில்லை. மீட்டிங்கில் ஆபீசர், "பாய் இல்லன்னா இந்த பிராஜக்ட்டே இல்ல" என்பார். நான் தலையைக் குனிந்து மினிட்ஸ் எழுதிக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் மதியம் துரை என்கிற லாரி க்ளீனர் ஓடிவந்தான்.

"பாய் இல்லியா?"

"பொன்னேரி போயிருக்காரு. இன்னா விஷயம், எங்கிட்ட சொல்லு."

"ஒண்ணுமில்ல நர்சம்மா. அவராண்டதான் சொல்லணும்."

திரும்பிவிட்டான். ஒன்றுமில்லாததற்கு செருப்புகூடப் போடாமல் ஓடிவருவானா? முதலுதவிப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

மில் காம்பவுண்டுக்குப் பின்னால், வேலிக்கருவை மறைவில், முருகேசன் மல்லாந்து கிடந்தான். மில்லில் லோடு ஏற்றுகிறவன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கூட இருந்த ஆள் அவன் தலையைத் தூக்கிப் பிடித்து, வாயில் மோர் பாக்கெட்டைப் பிழிந்துகொண்டிருந்தான்.

"யோவ், இன்னா பண்ற?"

"போதை எறங்கட்டும்னு ஊத்துறேன்."

சாராயம் தெளிய மோர் கொடுத்துப் பழகிய ஊர். நினைவில்லாதவனுக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போனால் ஆள் காலி என்று யாருக்கும் தெரியவில்லை. பாக்கெட்டைப் பிடுங்கி எறிந்தேன். ஒருக்களித்துப் போட்டு, வாயில் இருந்ததை வழித்தெடுத்தேன். மூச்சு வருவதாகத் தெரியவில்லை. நிமிர்த்தி, தாடையைத் தூக்கி, வாயோடு வாய் வைத்து ஊதினேன். ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை ஊதிக்கொண்டே வந்தேன். பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் வார்டுக்குப் போனால் பாய் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். முருகேசன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நர்சம்மா, போலீசாண்ட எதுவும் சொல்லிடலியே?" என்றான். ஊதி ஊதி நெஞ்சு வலித்தது எனக்கு. கண்ணீர் மட்டும் அவருக்கு. அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன், நோயாளி என்று விட்டேன்.

அதன் பிறகு மையத்துக்கு வருகிற எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தேன். ஆள் விழுந்தால் வாயில் எதுவும் ஊற்றாதே, ஒருக்களித்துப் போடு, மூச்சு இல்லையென்றால் ஊது, உடனே கூப்பிடு. நோயாளியாகப் படுத்துக் காட்டியவர் பஷீர் பாய். கடைசியில் கைதட்டினார்கள். அதுவும் படுத்திருந்தவருக்குத்தான்.

2. பாய் விழுந்த நாள்

சில மாதம் கழித்து, இன்னொரு மதியம், துரை மறுபடி வாசலில் வந்து நின்றான். அவன் வாயைத் திறக்கும் முன்பே நான் கடுப்போடு, "ஃபீல்டுக்குப் போயிருக்காரு" என்றேன்.

"அக்கா, நீங்க வாங்க. பாய் வுழுந்துகினு கீறாரு."

முதலுதவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். 'நீங்க வாங்க' என்ற அழைப்புக்குத்தான் இத்தனை நாள் ஏங்கிக் கிடந்தேன், அது வந்தது இப்படியா?

அதே வேலிக்கருவை மறைவு. புது ஊசிப் பை திறந்து கிடந்தது. விட்டிருந்த ஊசியை அன்று மறுபடி போட்டிருக்கிறார், அதுவும் பழைய அளவிலேயே. அதைத் தாங்கும் பழக்கம் உடம்புக்கு எப்போதோ போய்விட்டது. யாரும் மோர் ஊற்றவில்லை. முருகேசன் மண்டி போட்டு அவருக்கு ஊதிக்கொண்டிருந்தான், நான் சொல்லிக் கொடுத்தபடியே. அவன் களைத்ததும் நான் ஊதினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் மருந்து ஏற்றி, ஆக்சிஜன் வைத்தார். சாயங்காலம் பாய் கண் திறந்தார்.

என் பக்கம் திரும்பாமல், கூரையைப் பார்த்தபடி பேசினார்.

"உங்கள பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கும் சிஸ்டர்."

"என்னையா? எதுக்கு பாய்?"

"நீங்களும் ஊசிய எண்ணி பையில வெக்கிறீங்க. வெச்சிட்டு ஊட்டுக்குப் போயி சோறு துன்னுட்டுத் தூங்குறீங்க. எனக்கு அது தோள்ல தொங்கிகினே கூப்புடும். இல்லன்னு சொல்லிகினே நடப்பேன். இன்னிக்கி முடியல."

நான் அவர் குடித்த டீயைத்தான் பார்த்திருக்கிறேன். அந்தப் பையைச் சுமந்துகொண்டு அவர் எப்படி நடந்தார் என்று யோசித்ததே இல்லை.

ஆபீசர் அவரை வேலையை விட்டு நிறுத்தச் சொன்னார். அவர் போனால் மையம் மொத்தமும் என் கையில். உண்மையைச் சொன்னால், ஒரு நிமிஷம் அது இனிக்கத்தான் செய்தது. ஆனாலும் அவரை நிறுத்தக் கூடாது என்று சண்டை போட்டது நான்தான். "பாய வெளிய அனுப்பிச்சா நேரா அந்தப் புதருக்குத்தான் சார் போவாரு" என்றேன். ஆபீசர் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விட்டு வந்தவரைப் பேச அனுப்புங்கள். அவரைப்போல் பேச நம்மால் ஆகாது. ஆனால் ஊசிப் பையை அவர் தோளில் மாட்டித் தனியாக அனுப்பாதீர்கள். விட்டவர் திரும்பத் தொட்டால் பழைய அளவு கொன்றுவிடும் என்று அவருக்கும் கூட இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

பாய் திரும்ப வேலைக்கு வந்த அன்று, பழக்கத்தில் பைக்குக் கை நீட்டினார். "குடுங்க சிஸ்டர், கனமா இருக்கும்."

"இருக்கட்டும் பாய், நா எடுத்துக்கிறேன். நீங்க முன்னால போங்க."

அவர் முன்னால் நடந்தார். லாரி ஷெட்டில் எல்லோரும் ஓடிவந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் பையோடு ஓரமாக நின்றேன். வயிறு எரியத்தான் செய்தது. எரியட்டும், ஆள் உயிரோடு நிற்கிறாரே என்றிருந்தது.