எமில்டா அக்காவின் வாக்கு

எமில்டா அக்கா இன்று விடியற்காலையில் இறந்துபோனார்.

செய்தி வந்தபோது வாழைச்சேனைப் பாலத்தில் நின்றிருந்தேன். பனி இறங்கியிருந்தது. எதிரே வந்த பஸ்ஸின் லைற் மட்டும் தெரிந்தது, பஸ் தெரியவில்லை... வட்ஸ்அப்பில் பெயரைப் படித்துவிட்டு, அது வேறு யாரோ எமில்டா என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டேன்.

அவரைத் தெரியாதவர்களுக்கு: விசேட தேவையுடைய பிள்ளைகளுக்காக எங்கள் சங்கம் நடத்தும் பகல் நிலையத்தின் முதல் தலைவி அவர். காகித ஆலை ஒபிஸில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கல்குடாவில், கடற்கரையை ஒட்டிய தன் வீட்டு வளவிலேயே நிலையத்தைத் தொடங்கினார். நான் அங்கே இணைப்பாளர். மகனே என்பதை 'மனே' என்று சுருக்கித்தான் என்னைக் கூப்பிடுவார்.

சில வருடங்களுக்கு முன், கல்குடாவிலிருந்து நல்ல தூரம் தள்ளிச் செங்கலடியில் ஒருவர் நிலையத்துக்கென்று காணி தர முன்வந்தார். அங்கே மாறுவதா, கல்குடாவிலேயே இருப்பதா? கொமிட்டி இரண்டாகப் பிரிந்தது. தேநீர் குடிக்கும்போதுகூட ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்... இந்த மாதிரி விசயத்தில்தான் சங்கங்கள் உடையும். எனக்குப் பயமாக இருந்தது.

எமில்டா அக்காவுக்கு மாற விருப்பமே இல்லை. தனி ஆள். காலையில் முற்றம் கூட்டும்போதே பிள்ளைகளின் சத்தம் கேட்கும். அந்த வீட்டில் அதைத் தவிர வேறு சத்தம் கிடையாது.

வாக்கெடுத்தோம். கைகள் சமன். அப்படி வந்தால் தலைவரின் வாக்கே முடிவு என்று எங்கள் யாப்பு விதிகளில் இருக்கிறது. எல்லோரும் அவரையே பார்த்தோம்.

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

"இண்டைக்கு வேணா," என்றார். "நான் ஒருக்கா வேன்ல போய்ப் பாக்கணும்."

நிலையத்து வேன், செங்கலடிக்கு அப்பால் பதுளை வீதியில் உள்ளே இருக்கும் ஊர்களிலிருந்துதான் அதிகம் பிள்ளைகளை ஏற்றிவரும். அடுத்த நாள் நானும் அக்காவும் அதில் போனோம்.

இன்னும் விடியவில்லை. வயல் வட்டைகளின் மேல் பனி படுத்துக் கிடந்தது. ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் ஒரு அம்மா, இடுப்பில் அரைத் தூக்கத்தில் ஒரு பிள்ளை... ஏறியவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். வழியில் கிரானைத் தாண்டும்போது வேனுக்குள் விழித்திருந்தது டிரைவரும் நாங்களும்தான்.

கவிதா என்ற சின்னப் பிள்ளை அக்காவின் தோளில் தூங்கிப்போனாள். அவளுக்குப் பேச்சு வராது.

கல்குடாவில் எல்லோரும் இறங்கினார்கள். அக்கா இறங்கவில்லை. கவிதா தானாக எழும்பும்வரை அசையாமல் இருந்தார். வேன் கூரையில் கடல் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. நேரம் போனதே தெரியவில்லை.

"இந்தப் பிள்ளைட நித்திரைய நாமதான் களவெடுத்திருக்கம் மனே," என்றார் மெதுவாக.

"அப்ப கல்குடாப் பிள்ளைகள், அக்கா?"

"அவங்க கொஞ்சப் பேர்தானே. நேர் றோட்டு. நல்லா விடிஞ்சாப் பிறகு ஏத்தலாம்."

அடுத்த கூட்டத்தில் தன் வாக்கைச் செங்கலடிக்குப் போட்டார்.

மாற வேண்டாம் என்று நின்றவர்களில் ஒருவர் கேட்டார், "எங்கள விட்டுட்டீங்களே அக்கா?"

"விடல்ல தம்பி. என்ட ஆசை இன்னும் உங்கட பக்கம்தான் இருக்கு."

செங்கலடிக்குச் சாமான் ஏற்றிய அன்று முதல் ஆளாக வந்து நின்றது அந்தத் தம்பிதான். சங்கம் உடையவில்லை.

பிள்ளைகள் போன பிறகு அந்த வீடு எப்படி இருந்தது என்று நான் கேட்டதில்லை... அவரும் சொன்னதில்லை.

பதவிக்காலம் முடிந்ததும் தலைமையை விட்டார். யாப்பை மாற்றுவோம், நீங்களே இருங்கள் என்று கெஞ்சினோம்.

"நான் கதிரைய விடாட்டி நீங்க ஒருத்தரும் அதில இருக்கப் பழக மாட்டீங்க," என்று சிரித்தார்.

அதன் பிறகு கூட்டத்துக்கு வந்தால் பின்வரிசைதான். பழக்க தோசத்தில் நான் அவரைப் பார்த்தே எதையாவது கேட்டுவிடுவேன். "தலைவர் அங்க இருக்கிறார் மனே," என்று முன்னால் கையைக் காட்டுவார்.

போன மாதம், அவர் சுகமில்லாமல் படுத்திருந்தபோது, வீட்டுக்குப் பார்க்கப் போனேன். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வெள்ளைத் திரை காற்றுக்கு ஏறி இறங்கியது. நான் கதிரையை இழுத்த சத்தத்தில் கண் திறந்தார்.

"இப்பதான் ஒரு மீற்றிங்ல இருந்தன் மனே. வாவிக்குள்ள... தோணியில. எல்லாரும் வந்திருந்தாங்க."

"என்ன முடிவெடுத்தீங்க அக்கா?"

கொஞ்சம் யோசித்தார்.

"முடிவெடுக்கல்ல. ஒருத்தருக்கும் அவசரமில்ல... சும்மா போய்க்கொண்டிருந்தம்."

நாளை பின்னேரம் கல்குடாவில் அடக்கம். நாங்கள் எல்லோரும் வருகிறோம். பிள்ளைகளும்.

போங்கள் அக்கா... மெதுவாக.