மாமா தேய்த்த கிரில்

எங்கள் வீட்டில் எல்லோரும் மாமாவை நம்பினார்கள். நான் ஒருத்திதான் நம்பவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. யார்மேலும் சந்தேகப்படுவதற்கு அதைவிடத் தோதான வயது கிடையாது.

மாமா அம்மாவின் தம்பி. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் எங்களோடு இருந்தார். வெள்ளைக்காரர்கள் வந்துபோகும் ஒரு கிளப்பின் சமையலறையில் அவருக்கு வேலை. அந்த வருஷம் தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுக்கப் போவதாக வேண்டிக்கொண்டிருந்தார், எனக்காக. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் டைபாய்டு காய்ச்சலில் நான் பிழைப்பேனா மாட்டேனா என்று கிடந்து எழுந்திருந்தேன்.

பக்கத்து அறை அத்தை எனக்கு ஒரு விஷயம் சொல்லி வைத்திருந்தார். அலகு குத்தும்போது ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் விரதத்தில் எங்கோ குறை இருக்கிறது என்று அர்த்தமாம். அப்படி வந்தால் வேண்டுதல் பலிக்காது, யாருக்காக வேண்டினார்களோ அவர்களுக்கே நோய் திரும்பி வரும் என்றார். ஆக, என் உயிர் மாமாவின் நாக்கில் இருந்தது. அந்த நாக்கை நான் கண்காணிக்காமல் வேறு யார் கண்காணிப்பது?

விரதம் தொடங்கியதும் மீன் சட்டி பரணுக்குப் போனது. மாமா தரையில் படுத்தார், விடிவதற்குள் குளித்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, அந்தச் சாக்குப்பை வீட்டுக்கு வரும்வரை.

ஒருநாள் மத்தியானம் வேலை முடிந்து வந்தவர் கையில் அது இருந்தது. அம்மா என்னவென்று கேட்டாள்.

"கிளப்போட கிரில்லு அக்கா. அழுக்கேறிக் கெடக்கு. இங்க தேச்சு வச்சுட்டு காலையில கொண்டுபோயிர்றேன்."

அம்மாவுக்குக் கிரில் என்றால் ஜன்னலில் போடும் கம்பிதான். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அப்படித்தான். "ஜன்னலக்கூட கழட்டிக் குடுத்து விடுறாங்களா உங்கிட்ட? பாவம்" என்றாள். மாமா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் அதைக் கவனித்துக்கொண்டேன்.

மாமா அடுப்புச் சாம்பலை டப்பாவில் அள்ளி, தண்ணீர் விட்டுக் குழைத்து, பின்கட்டுக் குழாயடியில் வைத்துக் கம்பிகளின் மேல் அப்பினார். அதை ஈரச் சாக்கால் மூடிவிட்டுக் குளிக்கப் போனார். ஊறிய பிறகு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தேங்காய் நாரால் தேய்த்தார். தேய்த்து முடித்ததும் மறுபடி குளித்தார். ஜன்னல் கம்பிக்கு எதற்கு மூக்கில் துண்டு? எதற்கு இரண்டு குளியல்? மறுநாளும் ஒரு சாக்குப்பை வந்தது, அதற்கு மறுநாளும். ஒரு கிளப்புக்கு எத்தனை ஜன்னல்தான் இருக்கும்? இரண்டு வாரமாகியும் தீரவில்லை.

போதாக்குறைக்குப் பக்கத்து அறைப் பூனை அந்தச் சாக்குப்பைக்குப் பின்னாலேயே படியேறி வந்தது. ஜன்னல் கம்பியை நக்குகிற பூனையை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஒருநாள் மாமா குளிக்கப் போன நேரத்தில் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். கம்பியை நகத்தால் சுரண்டினேன். கறுப்பாக, பிசுபிசுவென்று வந்தது. மோந்து பார்த்தேன். பீச் ரோட்டில் குச்சியில் குத்திச் சாத்தே இறைச்சி சுடுகிற இடத்தைத் தாண்டும்போது வருகிற அதே வாடை, இன்னும் கனமாக. வெள்ளைக்காரன் கிளப்பில் எந்த இறைச்சியைச் சுடுவார்கள் என்று எனக்கும் தெரியும். விரதம் இல்லாத நாளிலேயே எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி என்ற பேச்சை எடுக்க முடியாது.

அன்று மாலை மாமாவிடம் போய், "வாய ஊதுங்க மாமா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஊதினார். பல்பொடி வாசனை வந்தது. என் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. சாயங்கால நேரத்தில் எந்த மனிதன் பல் விளக்குவான்? சுட்டுத் தின்கிறார், தடயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சாம்பல் போட்டு அழிக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் தம்பியை ஒரு வார்த்தை சொன்னால் அம்மா என்னைத்தான் அடிப்பாள். அதோடு, எனக்குப் பயமாக இருந்தது. நெற்றி லேசாகச் சுட்டாலும் காய்ச்சல் திரும்பிவிட்டது என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தைப்பூசத்துக்கு நான்கு நாள் இருந்தது. மாமா குளியலறையில் இருந்தபோது, தெருவில் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரச் சீனரின் குரல் கேட்டது. சாம்பல் அப்பியபடியே கிரில்லைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடினேன். "சும்மாவே எடுத்துக்குங்க" என்று கையைக் காட்டி அவர் வண்டியில் போட்டேன். அந்தச் சீனர் எங்கள் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கும் என்மேல் சந்தேகம்தான்.

மாமா வந்து சாக்கைத் தூக்கினார். குழாயடி, படிக்கட்டு, பின்சந்து எல்லாம் தேடினார். "ஜன்னல் கம்பிய யாருடா தூக்கிட்டுப் போகப் போறா?" என்றாள் அம்மா. மாமா என்னிடம் வந்து நின்றார். என் நகங்களில் சாம்பலும் கறுப்புமாக அப்பியிருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

"கையக் கழுவிக்க பாப்பா" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் வேலைக்குப் போனவர் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டார். காவடி முடிகிறவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அம்மாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "வெள்ளக்காரனா இருந்தாலும் நல்ல மனுசங்க லா" என்று தெருவெல்லாம் சொன்னாள்.

தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலில் மாமாவுக்கு அலகு குத்தும்போது நான் முன்னால் போய் நின்றுகொண்டேன். கன்னத்தில் குத்தினார்கள், நாக்கில் குத்தினார்கள். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. எனக்கு உயிரே வந்தது. கடைசி நான்கு நாளாவது மனிதர் சுத்தமாக இருந்தாரே, அது யாரால் என்று நினைத்துக்கொண்டு காவடிக்குப் பின்னால் நிமிர்ந்து நடந்தேன்.

டோபி காட் பக்கம் வந்தபோது, கூட்டத்திலிருந்து ஒரு வயதான சீனர் அம்மாவிடம் வந்தார். மாமாவோடு வேலை செய்த சமையல்காரர். பேச்சு மலாய் மொழியில் நடந்தது. என் காதிலும் விழுந்தது, ஆனால் என் கண்ணெல்லாம் மாமாவின் கன்னத்தில் ரத்தம் கசிகிறதா என்பதிலேயே இருந்தது. அவர் சொன்னதைப் பின்னாளில்தான் என்னால் கோத்துப் பார்க்க முடிந்தது.

கிளப்பில் இறைச்சி சுடுகிறவன் உன் தம்பிதான். சுடுகிறவன் உப்புப் பார்க்காமல் முடியாது. அதனால் விரதம் தொடங்கியதும் இடுக்கியை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு, யாரும் தொட விரும்பாத கிரில் தேய்க்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். சமையலறையில் நின்று தேய்த்தால் சுடுகிற புகை படும் என்று வீட்டுக்கே தூக்கிப் போனான். அதில் ஒன்று தொலைந்துவிட்டது. யார் எடுத்தார்கள் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. விற்றுத் தின்றுவிட்டான் என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

எந்தக் கிரில் என்று அம்மா கேட்டாள். அவர் இரண்டு கைகளையும் விரித்து அளவு காட்டினார். பிறகு குனிந்து, அடியில் நெருப்பை விசிறுவதுபோலக் காட்டினார்.

அம்மா திரும்பி என்னை, என் நகங்களைப் பார்த்தாள். வெயிலுக்குத் தலையில் துண்டு போடச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், வலிக்கும்படியாகவே. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டேங்க் ரோடு கோயிலில் அலகை எடுத்ததும் மாமா தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "பாப்பா வழி பூரா நடந்தேவா வந்துச்சு, அக்கா? கால் வலிக்குதான்னு கேளு" என்றார்.

நான்தான் முந்திக்கொண்டு, "ஒரு சொட்டு ரத்தம்கூட வரல மாமா" என்றேன்.

மாமா என் தலையில் கை வைத்தார். "எல்லாம் உன்னாலதான் பாப்பா" என்றார்.

அவர் எனக்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்து, பரவாயில்லை என்பதுபோல நான் தலையாட்டினேன்.