பலகை போட்டுத் தருவோம்

கனடாவில் இருக்கும் என் மச்சாள், என் கணவரின் அக்கா, நன்றி சொன்னால் சிரிப்பார். சிரிக்கட்டும். நான் சொல்லத்தான் போகிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிக்காட்ட எங்களிடம் ஒரு படகு இருக்கிறது. ஆட்கள் வரவில்லை. கணவர் கட்டாருக்கு வேலைக்குப் போவதென்று முடிவெடுத்து, பாஸ்போர்ட்டை ஏஜென்சியில் கொடுத்துவிட்டார். சீசன் முடியுமட்டும் பொறுங்கள் என்று அழுதேன். ஓம் என்றார். படகுக்கு இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. தேடினால் எங்கோ அடியில் கிடந்தது.

என் கெட்டித்தனத்தைக் கேளுங்கள். நிறையப் பேர் தேடித் திறந்தால் பக்கம் மேலே வரும் என்று நினைத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கலியாணத்துக்கு அழைப்பதுபோல் எல்லோரையும் அழைத்தேன். "ஒவ்வொரு நாளும் தேடி, எங்கட பக்கத்தை அமத்துங்கோ. மறக்காதேங்கோ!"

எங்கள் சனம் சொன்ன சொல் தட்டாது. லண்டனிலிருந்து பக்கத்துச் சம்பூர் வரை "அமத்திட்டன்", "நானும் அமத்திட்டன்" என்று பதில் குவிந்தது. கலியாண வீட்டில் முகத்தைக் காட்டிவிட்டுப் போவதுபோல, திறந்த கையோடு மூடியும் விட்டார்கள். ஒரு மாதத்தில் பக்கம் இன்னும் கீழே போனது. எனக்கு வந்த ஆத்திரம்!

அப்போதுதான் மச்சாள் அழைத்தார்.

"வந்த ஆள் உடன திரும்பிப் போய் வேற பக்கத்தை அமத்தினா, இதில ஒண்டுமில்லையெண்டு அந்தத் தேடுற மெசின் நினைக்கும்தானே? நான் உள்ள போய் வாசிச்சனான். உங்கட கலியாணப் படம் இருக்கு. முழங்கால் ஏலாத ஒரு அம்மா படகில ஏறலாமோ எண்டு ஒரு சொல் இல்லை."

சுருக்கென்றது. இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கணவரைக் கதிரையில் இருத்தி, துறையில் ஆட்கள் என்னென்ன கேட்பார்கள் என்று கேட்டேன். எத்தனை மணிக்கு வெளிக்கிடும், காற்று அடித்தால் என்ன செய்வது, சின்னப் பிள்ளைகளுக்கு மிதப்பு அங்கி உண்டா. எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். கடைசியாக, "ஏற முடியாதவர்களுக்குப் பலகை போட்டுத் தருவோம், அவசரப்படுத்த மாட்டோம்" என்றும் எழுதினேன். இனி ஒருவரும் சும்மா அமத்த வேண்டாம் என்று குழுவிலும் சொன்னேன்.

பக்கம் மெல்ல மெல்ல மேலே வந்தது. அதுதான் காரணமா என்று சத்தியம் பண்ண என்னால் ஏலாது. ஆனால் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

ஒரு காலை, கொழும்பிலிருந்து ஒரு பெண் தன் தாயோடு வந்தார். அந்த அம்மா படகைப் பார்க்கவேயில்லை. "தம்பி, பலகை எங்க? மகள் வாசிச்சுக் காட்டினவ, அதை நம்பித்தான் வந்தனான்" என்றார். கணவர் பலகையைப் போட்டு, கையைப் பிடித்து ஏற்றினார். திரும்பி வந்து இறங்கியபோதும் அந்த அம்மா அவருடைய கையை விடவில்லை.

அன்று பின்னேரம் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பாஸ்போர்ட்டோடு வந்தார்.

"இதை அலுமாரிக்குள்ள வையும்."

வைத்துப் பூட்டிவிட்டு மச்சாளை அழைத்தேன்.

"என்ன மச்சாள், லைன் வெட்டுதோ?" என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன்.