கள்ளிக்குப் பத்தியம்

என் வீட்டுக்காரர் இராயப்பனுக்கு ஒரு குணம். எதன் மேலாவது பாசம் வைத்துவிட்டால் அதைச் சும்மா இருக்க விடமாட்டார். அனுமந்தையில் எங்கள் தெருவில் யார் வீட்டுக் கன்றுக்குட்டி இருமினாலும் இவர் போய் நிற்பார். உப்பளத்தில் உப்பு வாரி முதுகு வளைந்த மனுஷன், வீட்டுக்கு வந்தால் பூனைக்கு மீன் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் தன் தட்டைப் பார்ப்பார். இந்தப் பாசம்தான் எங்கள் லீமாவின் கள்ளிச்செடிக்கு எமனாக வந்தது.

லீமா எங்கள் ஒரே மகள். நர்ஸ் படித்துவிட்டு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனாள். போகும்போது, ஜன்னலோரம் ஆசையாய் வளர்த்த உருண்டைக் கள்ளியை அப்பா கையில் கொடுத்து, "நீ பாத்துக்கோப்பா" என்றாள். என்னிடம் கொடுத்திருக்கலாம். நான் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பேன். அதுவும் பிழைத்துக் கிடந்திருக்கும். இவர் தினமும் காலையில் எழுந்ததும் அதற்குத் தண்ணீர் ஊற்றினார்.

மழைக்காலம் முடியும்போது செடியின் அடிப்பக்கம் மஞ்சளானது. அதைப் பார்த்த நாளிலிருந்து மனுஷனுக்கு முகமே செத்துப்போனது. காரணம் எனக்குத் தெரியும். லீமாவுக்குச் சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்து, பிழைப்பாளா என்றாகிவிட்டது. அப்போது இவர் தினமும் அவளை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிவந்து, கீழ் இமையை இழுத்துக் கண்ணைப் பார்ப்பார். அவளுக்கு உப்பில்லாப் பத்தியம். "பாப்பாவுக்கு இல்லாத உப்பு எனக்கு எதுக்கு?" என்று இவரும் சப்பென்று கஞ்சி குடித்தார்.

"செடி மஞ்சளாவுதுன்னா புள்ளைக்கு என்னமோ ஆவுது மேரி" என்றார் இப்போது.

"நேத்துதான போன்ல பேசுனா? நல்லாத்தான இருக்கா?"

"ஒடம்பு முடியலன்னா நம்மகிட்ட சொல்லுவாளா அவ?"

அவளிடமே கேட்கவும் பயம். கேட்டு, ஆமாம் என்றுவிட்டால் என்ன செய்வது? ஆகவே காமாலைக்குப் பார்த்த வைத்தியத்தைக் கள்ளிக்குப் பார்க்க ஆரம்பித்தார். வெயில் படக்கூடாது என்று உள்ளறைக்குக் கொண்டுபோனார். நிறைய நீர் குடித்தால் மஞ்சள் இறங்கும் என்று வேளைக்கு ஒரு டம்ளர் ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மந்திரித்த தண்ணீர் ஒரு பாட்டில் நிறைய வந்தது. எங்கள் கோயிலில் தண்ணீரை மந்திரிக்கும்போது உப்பும் சேர்ப்பார்கள். அந்த உப்பைக் கொண்டுபோய்க் கொடுப்பவரும் இவர்தான். ஃபாதர் ஒரு சிட்டிகை கேட்டால் இவர் கை நிறைய அள்ளிப் போடுவார். அத்தனையும் கள்ளியின் வேருக்குப் போனது.

லீமா வீடியோவில் வந்து "கேக்டஸ காட்டுப்பா" என்றால், அந்த நிமிஷமே இவருக்குச் சிக்னல் போய்விடும்.

மஞ்சள் ஏறிக்கொண்டே வந்தது. பொறுக்கமாட்டாமல் பக்கத்து வீட்டு அருள்மொழியைக் கூப்பிட்டேன். ஆரோவில்லில் ஒரு நர்சரியில் வேலை செய்கிறவள். செடியின் அடியை அழுத்திப் பார்த்தாள். கொழகொழவென்று அமுங்கியது.

"தண்ணி ஜாஸ்திண்ணே. வேரு அழுவுது. இது என்னாது, வெள்ளையா?"

தொட்டி விளிம்பில் பொரிப்பொரியாகப் பூத்திருந்தது. இவர் அதை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உப்பு" என்றார். "நான் போட்ட உப்பு."

அருள்மொழி சொன்னபடி செடியைப் பிடுங்கி, அழுகிய வேரை வெட்டி, காயம் உலரும்வரை பேப்பர் மேல் வைத்தோம். புது மண்ணுக்குக் கடற்கரை மணலை அள்ளக் கிளம்பியவரை நான்தான் தடுத்து நிறுத்தினேன். அருள்மொழியே செம்மண்ணும் ஆற்று மணலும் கொண்டுவந்தாள். அடியில் ஓட்டை போட்ட மண்தொட்டியில் நட்டு, காலை வெயில் விழும் ஜன்னலில் வைத்தாள்.

"நல்லா காஞ்சப்புறம் கொஞ்சம் ஊத்துங்க. கேன் தண்ணிதான். உப்பு ஆவவே ஆவாது."

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், "எனக்கு உப்பு போடாத கொழம்பு குடு" என்றார்.

"ஏன், உங்களுக்கு என்னா?"

"அதுக்குப் பத்தியம் இல்ல?" என்றார், தட்டைப் பார்த்தபடி.

திட்டத்தான் வாயெடுத்தேன். முடியவில்லை. அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று அப்போது. மறுநாளிலிருந்து உப்புப் போடுவதற்கு முன்பே அவருக்குத் தனியாக எடுத்து வைத்தேன்.

அடியில் ஏறிய மஞ்சள் கடைசிவரை போகவில்லை. ஆனால் தவக்காலம் தொடங்கியபோது செடியின் உச்சியில் இளம்பச்சை தெரிந்தது. புது முள்ளும் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சிக்னல் போகவில்லை. இவரே தொட்டியைத் தூக்கிக் காட்டினார். லீமா செடியைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"நீ ஏம்பா இப்படி எளச்சிட்ட?"

இவர் மழுப்பினார். நான் விடவில்லை. "உங்கப்பா கள்ளிக்குப் பத்தியம் இருக்காருடி" என்று ஆரம்பித்து, உனக்கு என்னமோ என்று அவர் பயந்தது வரைக்கும் போட்டு உடைத்தேன்.

லீமா சிரிக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். கீழ் இமையை விரலால் இழுத்து, கண்ணை கேமராவுக்கு நேரே கொண்டுவந்தாள்.

"பாருப்பா. நல்லா பாத்து சொல்லு."

இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனை மூக்குவரை கொண்டுபோனார். ஒரு கண்ணைப் பார்த்தார். "அந்தக் கண்ணு?" என்றார். அவள் மறு கண்ணையும் காட்டினாள்.

"வெள்ளையாத்தான் இருக்குது" என்றார்.

போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். உப்பு ஜாடியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.