ஆளுக்கொரு பந்தி

வவுனியாவில் எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் படிப்பிக்கத் தொடங்கிய முதல் வருடம், ஆறாம் வகுப்பில் பதினொரு பேர் அதற்குச் சேர்ந்தோம். நான் சேர்ந்தது அறிவினால் அல்ல. அம்மா கையெழுத்து வைத்துவிட்டார். தமிழ் வகுப்பிலிருந்த பெரியப்பாவின் மகன் என்னைத் ‘துரை’ என்று கூப்பிடத் தொடங்கினான். நானும் துரை மாதிரியே திரிந்தேன்.

ரீச்சர் எதையும் முதலில் தமிழில் விளங்கப்படுத்திவிட்டுத்தான் ஆங்கிலத்துக்குப் போவார். பள்ளிக்கூட அதிபருக்கு இது பிடிக்கவில்லை. கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வருகிறார், அவர் காதில் ஒரு தமிழ்ச் சொல் விழுந்தாலும் வகுப்பை மூடிவிடுவார்கள் என்று எங்களை எச்சரித்தார். மூடினால் நான் பெரியப்பாவின் மகனுக்குப் பக்கத்து வாங்கில் போய் இருந்து படிக்கவேண்டும். அதைவிடச் சாகலாம்.

ஆகவே பதினொரு பேரும் இரகசியமாகத் திட்டம் போட்டோம். புத்தகத்திலிருந்து ஆளுக்கொரு பந்தியை ஒரு வரி விடாமல் மனப்பாடமாக்குவது. கேள்வி யாருடைய பந்தியில் விழுகிறதோ அவர் கை உயர்த்துவது. எனக்கு, இலை வெயிலில் உணவு சமைக்கிற ஒளித்தொகுப்பு கிடைத்தது.

அதிபரோடு அதிகாரி வந்தார். விதை முளைக்க என்ன தேவை என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தப் பந்திக்காரி கையை உயர்த்தினாள். அவரோ கை உயர்த்தாத என்னை எழும்பச் சொன்னார். எழும்பினேன். வாயைத் திறந்தேன். ஒளித்தொகுப்பு முழுவதும், “மூன்றாம் படத்தைப் பார்க்க” என்பதுவரை, ஆங்கிலத்தில் வந்து கொட்டியது. முன்வாங்கில் ஒருத்தன் உண்மையாகவே புத்தகத்தைத் திறந்து படத்தைத் தேடினான்.

அதிகாரி சிரிக்கவில்லை. “தம்பி, உங்கடை வீட்டிலை விதைநெல்லை எப்பிடி முளைக்க வைக்கிறவை?”

தமிழ். பொறி வைக்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. ரீச்சரைப் பார்த்தேன். மேசை விளிம்பைப் பிடித்தபடி தலையை அசைத்தார். அது ஓமா இல்லையா என்று தெரியவில்லை. ஆனால் என் அப்பா ஓமந்தையில் வயல் செய்பவர். என்னிடம் இப்படிக் கேட்டால் வாய் சும்மா இருக்குமா?

“ஒரு நாள் சாக்கோடை தண்ணிக்குள்ளை போடுறவை சேர். பிறகு வடியவிட்டு, வைக்கோலாலை மூடி வைக்கிறவை. கை வைச்சால் சுடும். தண்ணிக்குள்ளையே விட்டால் மூச்சு முட்டிச் செத்துப்போகும்.”

“இதையே இங்கிலிசிலை சொல்லும், பாப்பம்.”

“சீட் வோன்ற் வோட்டர், எயார், ஹீற். ரூ மச் வோட்டர், நோ எயார். சீட் டை.”

எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஆங்கிலம் அது. அதிகாரி எனக்குக் கைதந்தார். வகுப்பு தொடரும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி அதிபரிடம் சொன்னார். போகிறபோது ரீச்சரிடம் மெல்ல ஏதோ சொன்னார்.

இடைவேளையில் பெரியப்பாவின் மகனுக்கு முன்னால் மூன்று தரம் குறுக்கும் மறுக்கும் நடந்தேன். நாலாம் தரம் அவன் தாங்கமாட்டாமல் கேட்டான்: “டேய், அடுத்த வருசம் என்னையும் சேர்ப்பினமோ?” யோசிக்கிறேன் என்றேன்.

வகுப்புக்குத் திரும்பினால், ரீச்சர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தமிழில் விளங்கப்படுத்துவதை ஒருக்காலும் விட்டுவிடவேண்டாம் என்றுதான் அதிகாரி அவரிடம் சொல்லியிருந்தார். அதை நான் அறிந்தது வெகுகாலத்துக்குப் பிறகு. அன்று நான் கண்டதெல்லாம், வென்ற கையோடே நான் அழவைத்துவிட்ட ஒரு ரீச்சரை.

“அழாதேங்கோ ரீச்சர்,” என்றேன். “இனிமேல் வகுப்பிலை தமிழ் கதைக்கவே மாட்டன்.”

அவர் சிரித்தார், கண்ணீர் மட்டும் நிற்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே முகத்தில் வரலாம் என்று எனக்கு அதுவரை யாரும் எந்த மொழியிலும் சொல்லித்தந்திருக்கவில்லை.